சோலாருக்குப் பேட்டரி சேர்த்த பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஆன்கிரிட் (ஈபி லைனோடு இணைந்த) சோலார் உள்ள வீட்டில் கரண்ட் போனால், உச்சி வெயிலிலும் சோலார் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மேல் நம் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக வைத்திருக்கும் பாதுகாப்பு அது. பேட்டரி சேர்த்தால் கரண்ட் இல்லாத நேரத்திலும் வீடு ஓடும். ஆனால் ஈபி, சோலார், பேட்டரி என்று மூன்றும் ஒரே வீட்டுக்குள் சந்திக்கத் தொடங்கிவிடும். கோளாறு பெரும்பாலும் அந்தச் சந்திப்பில்தான் கிளம்புகிறது: தலைகீழாக மாட்டிய சிடி (மெயின் வயரைச் சுற்றி மாட்டும், கரண்ட் அளக்கும் வளையம்), பிரிக்காமல் விட்ட நியூட்ரல், சரியாக அழுத்தாத லக் (கேபிள் முனையில் பொருத்தும் உலோகக் காது), பழைய பேட்டரிக்கான செட்டிங். பழி மட்டும் பேட்டரி மேல் விழுகிறது. பேட்டரியைக் கழற்றி வாரன்டிக்கு அனுப்பும் முன் கீழே உள்ளபடி அளந்து பாருங்கள்.

முதலில் உங்கள் வீட்டில் எந்த அமைப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய சோலார் இன்வெர்ட்டரை அப்படியே விட்டு, பேட்டரிக்குத் தனி இன்வெர்ட்டர் போட்டிருந்தால் அது ஏசி கப்ளிங். பழையதை எடுத்துவிட்டு, பேனல் வயரையும் பேட்டரியையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்திருந்தால் அது ஹைபிரிட். ஒரே அறிகுறிக்கு இரண்டிலும் காரணம் வேறாக இருக்கும்.

கடைகளில் கிடைக்கும் சாதாரண ஹோம் யூபிஎஸ்ஸின் அவுட்புட்டில் ஆன்கிரிட் சோலார் இன்வெர்ட்டரை இணைத்திருந்தால், கோளாறு வருகிறதோ இல்லையோ, இன்றே பிரித்துவிடுங்கள். அந்த யூபிஎஸ்ஸுக்கு மின்சாரத்தை வெளியே தரத் தெரியும், எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதை வாங்கத் தெரியாது. வீட்டு லோடு குறைந்த நொடியில் மிச்சம் முழுவதும் அதற்குள் பாய்ந்து பவர் போர்டு வெடிக்கும். அப்பார்ட்மென்ட் ஜெனரேட்டரோடு சோலார் சேர்ந்து ஓடினாலும் ஆபத்து இதேதான்.

தொடும் முன்

நிறுத்தும் வரிசை: லோடு எம்சிபிகள், பிறகு ஏசி பக்கம், பிறகு பேனல் பக்க டிசி ஐசோலேட்டர் (துண்டிக்கும் சுவிட்ச்), கடைசியாகப் பேட்டரி பிரேக்கர். நிறுத்திய பிறகும் இன்வெர்ட்டருக்குள் கெபாசிட்டர் சார்ஜ் பிடித்து வைத்திருக்கும். ஐந்து நிமிடமாவது காத்திருங்கள். வெயில் இருக்கும்வரை பேனல் வயரில் 300 வோல்ட் டிசி இருக்கும், எந்த சுவிட்சாலும் பேனலை அணைக்க முடியாது. மோதிரம், வளையல், கைச்சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். பேட்டரி 51 வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். ஒரு ஸ்பேனர் இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்ப் ஓடி ஸ்பேனரே உருகும்.

1000 வோல்ட் டிசி வரை தாங்கும் மல்டிமீட்டர் ஒன்றும், டிசி ஆம்ப் காட்டும் கிளாம்ப் மீட்டர் ஒன்றும் வேண்டும். சாதாரண ஏசி கிளாம்ப் பேட்டரி கேபிளில் பூஜ்யம்தான் காட்டும். டிபி பாக்ஸை (வீட்டு பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) திறக்கும் வேலையும் பேனல் பக்க வேலையும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனுக்கு உரியவை. வீட்டுக்காரர் செய்ய வேண்டியது, கோளாறு வந்த நேரம், அப்போது ஈபி இருந்ததா, பேட்டரி எத்தனை சதவீதம், என்ன லோடு ஓடியது என்ற நான்கையும் குறித்து வைப்பது. அந்த நான்கு வரி இருந்தால் வருபவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

கரண்ட் போனதும் வீடே இருட்டு, பேட்டரி மட்டும் 90 சதவீதம்

இன்வெர்ட்டரில் ஈபி முனை, பேக்கப் முனை என்று இரண்டு ஏசி முனைகள் இருக்கும். வீட்டு லோடு ஈபி முனைப் பக்கமே இருந்தால் கரண்ட் இருக்கும்போது எல்லாம் சரியாக ஓடும், போனால் எதுவும் ஓடாது. பேக்கப் முனையில் மல்டிமீட்டரை வைத்து மெயினை ஆஃப் செய்யுங்கள். அங்கே 230 வோல்ட் நின்றால் இன்வெர்ட்டர் நன்றாகவே இருக்கிறது, டிபி பாக்ஸில்தான் லோடைப் பிரிக்கவில்லை. அங்கேயும் பூஜ்யம் என்றால் செட்டிங்கில் பேக்கப் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று பேஸ் வீடுகளில் இன்னொன்று உண்டு. சிங்கிள் பேஸ் பேட்டரி இன்வெர்ட்டர், தான் இணைந்திருக்கும் ஒரு பேஸை, ஆர் பேஸ் என்று வையுங்கள், அதை மட்டும்தான் தாங்கும். படுக்கையறை ஃபேன் ஒய் பேஸில் இருந்தால் அது ஓடாது. வேண்டிய சர்க்யூட்களை ஒரே பேஸுக்கு மாற்றுவதுதான் வழி.

வீட்டு விளக்குகள் ஒரு நொடி எரிந்து அணைந்தால் அது ஓவர்லோடு. முதல் சந்தேகம் மோட்டார் மேல். 1 ஹெச்பி சம்ப் மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்ப்தான் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். 3 கிலோவாட் இன்வெர்ட்டரால் அதைத் தாங்க முடியாது. ஆட்டோமேட்டிக் லெவல் கன்ட்ரோலர் வைத்த வீடுகளில் யாரும் சுவிட்சே போடாமல் மோட்டார் கிளம்பி வீட்டை இருட்டாக்கும். மோட்டாரைப் பேக்கப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கரண்ட் இல்லாதபோது சோலார் சில நிமிடத்துக்கு ஒரு முறை வந்து வந்து போகிறது

இது ஏசி கப்ளிங்குக்கே உரிய அறிகுறி. இதில் குழம்பிப் பேட்டரியையே மாற்றியவர்கள் உண்டு.

கரண்ட் போனதும் பேட்டரி இன்வெர்ட்டர் வீட்டுக்குள் ஒரு குட்டி ஈபியை உருவாக்குகிறது. சோலார் இன்வெர்ட்டர் அதை நம்பி உற்பத்தியைத் தொடங்கும். வீடு செலவழித்தது போக மிச்சம் பேட்டரிக்குப் போகும். பேட்டரி நிரம்பிவிட்டால் போக இடமில்லை. சோலாரை நிறுத்தப் பேட்டரி இன்வெர்ட்டருக்கு இருக்கும் ஒரே வழி மின்சாரத்தின் அலைவரிசையை (ஃப்ரீக்வென்சி) 50 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றுவது. நம் நாட்டு விதிப்படி வீட்டுச் சோலார் இன்வெர்ட்டர் 50.5 ஹெர்ட்ஸைத் தாண்டினால் துண்டித்துக்கொள்ள வேண்டும். துண்டித்ததும் அலைவரிசை இறங்கும். ஒன்று முதல் ஐந்து நிமிடம் காத்திருந்து சோலார் திரும்ப வரும், திரும்பவும் போகும்.

பேக்கப் பிளக் பாயின்ட்டில் மல்டிமீட்டரை ஹெர்ட்ஸில் வைத்துப் பாருங்கள். சோலார் போவதற்குச் சற்று முன் 50.0 என்பது 50.6, 51 என்று ஏறினால் காரணம் இதுதான். 50-லேயே நிற்கும்போது சோலார் போனால் வோல்டேஜைப் பாருங்கள், அல்லது பேக்கப் வயரில் லூஸ் இருக்கும்.

பேட்டரி 100 சதவீதத்தில் இருக்கும்போது இப்படி நடந்தால் அது இயல்பு. பேட்டரி 60 சதவீதத்திலேயே நடந்தால் சார்ஜ் வரம்பைப் பாருங்கள். 100 ஆம்ப்-ஹவர் பேட்டரிக்கு 50 ஆம்ப் என்று வரம்பு வைத்திருந்தால் அது உள்ளே வாங்குவது சுமார் 2.6 கிலோவாட்தான். மதியம் சோலார் 4 கிலோவாட் தந்து வீடு அரைக் கிலோவாட்தான் எடுத்தால், பேட்டரி காலியாக இருந்தும் 900 வாட் நிற்க இடமில்லாமல் அலைவரிசை ஏறும். பேட்டரித் தயாரிப்பாளர் அனுமதித்தால் வரம்பை உயர்த்தலாம். இல்லாவிட்டால் இன்னொரு பேட்டரி, அல்லது அந்த நேரத்தில் வாஷிங் மெஷின் போன்ற லோடு. சோலார் இன்வெர்ட்டரில் அலைவரிசைக்கு ஏற்ப உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்கும் வசதி இருந்தால் அதை இயக்கச் சொல்லுங்கள். ஒரேயடியாகத் துண்டிப்பது நிற்கும். துண்டிப்பு எல்லைகளை மட்டும் யாரும் தளர்த்த வேண்டாம். அவை லைன்மேன் உயிருக்கானவை.

அளவும் முக்கியம். 5 கிலோவாட் சோலாரை 3 கிலோவாட் பேட்டரி இன்வெர்ட்டரோடு கட்டினால், ஏசி கம்ப்ரஸர் நின்ற நொடியில் மிச்சம் முழுவதும் அதன் மேல் பாயும். அலைவரிசை ஏறிச் சோலார் நிற்பதற்குள் இன்வெர்ட்டர் ஓவர்வோல்டேஜில் விழுந்துவிடும். பேட்டரி இன்வெர்ட்டரின் வாட், சோலார் இன்வெர்ட்டரின் வாட்டுக்குக் குறையக் கூடாது.

வெயில் வந்தும் சோலார் எழவில்லை, ஈபியும் இல்லை

இரவில் பேட்டரி முழுக்கக் காலியாகிவிட்டது. ஏசி கப்ளிங்கில் சோலாருக்குப் பின்பற்ற ஓர் ஈபி வேண்டும், அதைத் தர பேட்டரியில் உயிர் இல்லை. பேனல் முழுக்க வெயில் இருந்தும் வீடு இருட்டில் கிடக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது போலக் கரண்ட் பல நாள் வராத காலத்தில்தான் இந்தச் சிக்கல் கழுத்தை நெரிக்கும். 20 சதவீதத்தில் லோடு கட் ஆகும்படி வைத்து, மழைக்காலத்தில் அதை 30 ஆக்குங்கள். ஹைபிரிட்டில் சில மாடல்கள் பேனலை மட்டும் வைத்தே எழுந்துகொள்ளும், எல்லாம் அப்படி இல்லை. வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

40 சதவீதம் காட்டிக்கொண்டே இருந்து சட்டென்று அணைகிறது

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் வோல்டேஜ் நடுவில் தட்டையாக இருக்கும். 51.2 வோல்ட் பேட்டரி 20 சதவீதத்தில் 51 வோல்ட்டுக்குச் சற்று மேல், 80 சதவீதத்தில் 53-ஐ ஒட்டி. இடையில் இரண்டு வோல்ட்தான், அதையும் லோடு மறைத்துவிடும். அதனால் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருந்து அதைக் கண்காணிக்கும் போர்டு) வோல்டேஜைப் பார்த்துச் சதவீதம் சொல்வதில்லை. உள்ளே போன, வெளியே வந்த ஆம்பை எண்ணிச் சொல்கிறது. எண்ணிக்கையில் தினமும் கொஞ்சம் பிசகும். பேட்டரி முழுதாக நிரம்பும் அன்றுதான் அது 100-க்குத் திருத்திக்கொள்ளும்.

வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில் மேகம். பேட்டரி 60, 70-ஐத் தாண்டாது, திருத்தம் நடக்காது, பிசகு சேர்ந்துகொண்டே போகும். நவம்பர் கடைசியில் 40 என்று காட்டும்போது உண்மையில் 10-தான் இருக்கும்.

பத்து நாளுக்கு ஒரு முறை ஈபியிலிருந்தாவது முழுதாக ஏற்றுங்கள். 56 வோல்ட்டைத் தொட்டால் போதாது. அங்கேயே நின்று, 100 ஆம்ப்-ஹவர் பேட்டரிக்கு சார்ஜ் கரண்ட் 5 ஆம்புக்கு இறங்கும்வரை விட வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தும் சட்டென்று அணைந்தால், பிஎம்எஸ் ஆப்பில் செல் வோல்டேஜைப் பாருங்கள். உள்ளே இருக்கும் பதினாறு செல்லில் ஒன்று மட்டும் மற்றவற்றுக்கு முன்னால் 2.8-க்கு இறங்கினால் அந்த செல் பலவீனம். அப்போதுதான் வாரன்டிக்குப் போக வேண்டும்.

எதுவுமே ஓடவில்லை, ஆனாலும் பேட்டரி இறங்குகிறது என்பதும் இதன் உறவுதான். இன்வெர்ட்டர் சும்மா விழித்திருக்கவே 50 வாட் எடுத்தால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட். 5.12 யூனிட் (51.2 வோல்ட், 100 ஆம்ப்-ஹவர்) பேட்டரியில் கிட்டத்தட்ட கால் பங்கு. வாங்கிய கணக்கிலும் இதைச் சேர்க்க வேண்டும்: 5.12 யூனிட்டில் 85 சதவீதம் பயன்பாடு, இன்வெர்ட்டர் இழப்பு 7 சதவீதம் போகக் கையில் வருவது சுமார் 4 யூனிட். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி நான்கு, ஐந்து மணி நேரம் ஓடினால் தீர்ந்தது. ராத்திரி முழுக்க ஏசி ஓடும் என்று யாராவது சொல்லி விற்றிருந்தால், பேட்டரியில் குறை தேடிப் பயனில்லை.

சார்ஜ் பாதியில் நின்று நின்று வருகிறது, ஓவர்வோல்டேஜ் என்று காட்டுகிறது

பழைய டியூபுலர் (ஈய-ஆசிட்) பேட்டரிக்கு வைத்த செட்டிங் அப்படியே கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். டியூபுலருக்கு எல்லா செல்லையும் சமப்படுத்த ஈக்வலைஸ் என்று 60 வோல்ட் வரை ஏற்றுவார்கள். லித்தியத்துக்கு 58.4 உச்சவரம்பு, அதைத் தாண்டினால் பிஎம்எஸ் வெட்டிவிடும். 16 செல் பேட்டரிக்கு சார்ஜ் 56, ஃப்ளோட் (நிரம்பிய பின் பிடித்து வைக்கும் வோல்டேஜ்) 54, லோ கட் 48, ஈக்வலைஸ் ஆஃப், வெப்பத்துக்கு ஏற்ப வோல்டேஜ் மாற்றும் வசதி ஆஃப். தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே சரி.

லேபிளில் 51.2 என்று இருந்தால் 16 செல், 48.0 என்று இருந்தால் 15 செல். 15 செல் பேட்டரிக்கு 56 வோல்ட் வைத்தால் ஒவ்வொரு செல்லுக்கும் 3.73 போகும், அது வரம்பைத் தாண்டியது. இரண்டையும் கடையில் 48 வோல்ட் பேட்டரி என்றுதான் சொல்கிறார்கள். லேபிளை நீங்களே படியுங்கள்.

செட்டிங் சரி, ஆனாலும் 54, 55-லேயே வெட்டுகிறது என்றால் செல்கள் சமமாக இல்லை. ஒரு செல் 3.65-ஐத் தொட்டுவிட்டது, மற்றவை 3.40-ல் நிற்கின்றன. பிஎம்எஸ்ஸுக்குள் இருக்கும் பேலன்ஸர் மேலே வந்த பிறகுதான் வேலை செய்யும், அதுவும் 0.1 ஆம்ப் அளவில். 2 ஆம்ப்-ஹவர் வித்தியாசத்தைச் சரிசெய்ய 20 மணி நேரம் ஆகும். சார்ஜ் வோல்டேஜை 55.2-க்கு இறக்கி, நான்கைந்து பகல் அங்கேயே நிற்க விடுங்கள். வித்தியாசம் நாளுக்கு நாள் குறைந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது. ஒரு வாரத்துக்குப் பிறகும் அதே செல் முன்னால் ஓடினால் தயாரிப்பாளரைக் கூப்பிடுங்கள்.

பழைய டியூபுலர் இன்னும் இருக்கிறதே என்று லித்தியத்தோடு பேரலல் போடச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். இரண்டு லித்தியத்தைச் சேர்ப்பதானாலும், ஒவ்வொன்றையும் தனித்தனியே முழுதாக ஏற்றிவிட்டுப் பிறகு இணையுங்கள்.

லோடு ஏறினால் லோ பேட்டரி என்று அணைகிறது, ஆனால் பேட்டரி நிறைந்திருக்கிறது

5 கிலோவாட் லோடில் பேட்டரி கேபிளில் 110 ஆம்ப் ஓடும். இந்த அளவில் கண்ணுக்குத் தெரியாத குறையும் பெரிதாகிவிடும்.

பேட்டரி முனையில் 51.5 வோல்ட், அதே நேரம் இன்வெர்ட்டர் முனையில் 48.5 என்றால் மூன்று வோல்ட் வழியில் காணாமல் போகிறது. இது லோடு ஓடும்போது அளக்க வேண்டியது. ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் போட்டு ஓடவிட்டு அளந்தால்தான் தெரியும். 0.5 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கவே கூடாது. போகவரச் சேர்த்து 4 மீட்டர் கேபிளில் 35 ஸ்கொயர் எம்எம் செம்பு 0.2 வோல்ட்டை விழுங்கும்; 16 ஸ்கொயர் எம்எம் போட்டிருந்தால் அரை வோல்ட், கூடவே 50 வாட் சூடு.

கேபிள் தடிமன் சரி என்றால் இணைப்புகளைப் பாருங்கள். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் உலோகத் தண்டிலும் மறு முனையை லக்கின் மேலும் வையுங்கள். 100 ஆம்ப் ஓடும்போது நல்ல இணைப்பில் 10 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கும். 100 மில்லிவோல்ட் என்றால் அந்த ஒரு போல்ட்டுக்குள் 10 வாட் சூடு தேங்குகிறது. லக்குக்கும் கேபிளுக்கும் இடையிலும், பியூஸ், பிரேக்கர் இரண்டின் இரு பக்கமும் இப்படியே பாருங்கள்.

அடிக்கடி சிக்கும் குற்றவாளி ஒரு வாஷர். பேட்டரித் தண்டின் மேல் நேராக லக் உட்கார வேண்டும். அதன் மேல் பிளாட் வாஷர், ஸ்பிரிங் வாஷர், பிறகு நட். அவசரத்தில் வாஷரை லக்குக்குக் கீழே போட்டுவிடுகிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செம்பைவிட நாற்பது மடங்கு மோசமாகத்தான் மின்சாரத்தைக் கடத்தும். கையால் இழுத்தால் இறுக்கமாகவே இருக்கும், ஆனால் 100 ஆம்பில் கொதிக்கும். லக்கைச் சுத்தியலால் அடித்தோ இடுக்கியால் நசுக்கியோ பொருத்தியிருந்தால் வெட்டி எறிந்துவிட்டு ஹைட்ராலிக் கிரிம்ப் செய்யுங்கள். சென்னையில் திருவான்மியூர், நீலாங்கரை, எண்ணூர்ப் பக்கம் கடற்காற்றில் செம்பு பச்சை பூக்கும். டின் பூசிய லக், மேலே ஹீட் ஷ்ரிங்க் உறை கட்டாயம்.

பேட்டரி பக்கம் ஏசி எம்சிபி இருந்தால் மாற்றுங்கள். டிசியில் எழும் தீப்பொறி வில் அதற்குள் அணையாது, பெட்டியே எரியும். டிசி எம்சிபியிலும் பிளஸ், மைனஸ் குறித்து ஒரு திசைக்கென்று செய்தவை உண்டு. பேட்டரியில் மின்சாரம் இரண்டு திசையிலும் ஓடுவதால் திசையில்லாத வகைதான் போட வேண்டும்.

பிரேக்கர் போட்ட உடனே டப் என்று பொறி பறந்து பிஎம்எஸ் வெட்டினால் பேட்டரி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். இன்வெர்ட்டருக்குள் காலியாக இருக்கும் கெபாசிட்டர் ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பை இழுக்கிறது. 30 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் வழியாக ஐந்து விநாடி முன்சார்ஜ் கொடுத்துவிட்டுப் பிரேக்கரைப் போட்டால் பொறியே இருக்காது.

பிஎம்எஸ் தொடர்பு இல்லை என்கிறது

பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் பேசவைக்கும் கேபிள் பார்க்க இன்டர்நெட் கேபிள் போலவே இருக்கும். எந்த ஊசி எதற்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சில பேட்டரிகளில் கேன் (இரண்டும் பேசிக்கொள்ளும் ஒரு முறை) தொடர்பு 4, 5-ஆம் ஊசிகளில். சில இன்வெர்ட்டர்களில் 7, 8-ல். கடையில் வாங்கிய நெட்வொர்க் கேபிளை மாட்டினால் பேசாது. இரண்டு மேனுவலையும் பக்கத்தில் வைத்து ஒரு முனையை வெட்டி ஊசி மாற்றிக் கிரிம்ப் செய்யுங்கள். கிரிம்பரும் கனெக்டரும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். கேன், ஆர்எஸ்485 (இன்னொரு தொடர்பு முறை) இரண்டுக்கும் ஒரே மாதிரி ஓட்டை என்பதால் எதில் மாட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். இன்வெர்ட்டரில் பேட்டரி வகை, பேட்டரியில் டிப் சுவிட்ச் (சின்னஞ்சிறு சுவிட்ச் வரிசை) முகவரி இரண்டும் பொருந்த வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கேன் கம்பி இரண்டுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 என்றால் ஒரு முனையில் டெர்மினேஷன் (120 ஓம் ரெசிஸ்டர்) இல்லை.

ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் பிரேக்கர்) ட்ரிப் ஆகிறது, அல்லது டெஸ்டர் இரண்டு ஓட்டையிலும் எரிகிறது

இவை இரண்டு வேறு கோளாறுகள். இரண்டுக்கும் வேர் நியூட்ரலில்.

பழைய வீடுகளில் நியூட்ரலை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கடன் வாங்கி ஓட்டியிருப்பார்கள். பேக்கப்புக்கு டிபியைப் பிரித்தபோது பேஸ் வயர் மட்டும் புதிய பக்கம் வந்து, நியூட்ரல் பழைய பாரிலேயே (வயர்கள் சேரும் உலோகப் பட்டை) தங்கிவிடும். போன கரண்ட் வேறு வழியில் திரும்புவதால் ஆர்சிசிபி கசிவு என்று நினைத்து விழும். எல்லாவற்றையும் அணைத்து, இரண்டு நியூட்ரல் பாரையும் இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிவிட்டு, இடையே மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வையுங்கள். பீப் வந்தால் எங்கோ கலந்திருக்கிறது. நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பீப் நிற்கும் வயரைப் பிடித்துப் பேக்கப் பாருக்கு மாற்றுங்கள்.

கரண்ட் இல்லாதபோது மட்டும் டெஸ்டர் பேஸ், நியூட்ரல் இரண்டிலும் எரிந்தால் பேக்கப் அவுட்புட் எர்த்தோடு எந்த உறவும் இல்லாமல் மிதக்கிறது. அளந்தால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230, ஆனால் இரண்டுக்கும் எர்த்தோடு தலா 115 அளவில் வரும். விளக்கு எரியும், ஃபேன் ஓடும், எல்லாம் சரியென்று தோன்றும். அந்த நேரத்தில் யாருக்காவது ஷாக் அடித்தால் ஆர்சிசிபி விழாமல் போகலாம் என்பதே இதில் உள்ள ஆபத்து. குழந்தைகள் உள்ள வீட்டில் இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பேக்கப் நேரத்தில் மட்டும் நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் ரிலே பல இன்வெர்ட்டர்களில் உள்ளேயே இருக்கிறது. அதை இயக்குங்கள், இல்லாவிட்டால் வெளியில் கான்டாக்டர் வைக்கலாம். டிபியில் ஒரு வயரை வைத்து நிரந்தரமாக இணைத்துவிடாதீர்கள். ஈபி நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜ் கதவு முதல் குழாய் வரை கரண்ட் வரும்.

பகலில் பேட்டரி இறங்குகிறது, இரவில் ஈபியிலிருந்து ஏறுகிறது

சிடி தலைகீழ். மிச்ச சோலார் வெளியே போவதை, ஈபி உள்ளே வருவதாக இன்வெர்ட்டர் எண்ணிக்கொள்கிறது. அதை ஈடுகட்டப் பேட்டரியை இறக்குகிறது. இன்னும் அதிகமாக வெளியே போகிறது. இரவில் அப்படியே எதிர்ப்புறம்.

இரவில் பேட்டரியை அணைத்து, ஒரு 1000 வாட் அயர்ன் பாக்ஸை மட்டும் போடுங்கள். ஆப்பில் ஈபி இறக்குமதி 1000 என்று வர வேண்டும். மைனஸ் 1000 என்றால் சிடியைக் கழற்றித் திருப்பி மாட்டுங்கள். மைனஸ் 500 என்றால் சிடி வேறு பேஸில் இருக்கிறது. மூன்று பேஸுக்கும் இடையே உள்ள 120 டிகிரி வித்தியாசம்தான் அந்தப் பாதி. எண் சரியான திசையில், ஆனால் குறைவாக வந்தால் சிடியின் வாய் முழுதாக மூடவில்லை. சிடி இருக்க வேண்டிய இடம் ஈபி மீட்டருக்கு அடுத்த மெயின் வயர், சோலாரும் லோடும் பிரிவதற்கு முன்.

ஈபி இருக்கும்போதே பேட்டரிக்குப் போகிறது

கோடை இரவில் தெரு முழுக்க ஏசி ஓடும்போது வோல்டேஜ் 170, 180-க்கு விழுவது புதிதல்ல. பல ஹைபிரிட்களில் யூபிஎஸ் மோடு 170 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரிக்குத் தாவும். அப்ளையன்ஸ் மோடு 90 வரை பொறுக்கும், ஆனால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம். மதியத்தில் 253 வோல்ட்டைத் தாண்டிச் சோலார் நின்றால், மீட்டரிலும் இன்வெர்ட்டரிலும் ஒரே நேரம் அளந்து பாருங்கள். மூன்றாம் மாடியிலிருந்து 40 மீட்டருக்கு 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் ஓடினால் 5 கிலோவாட்டில் கிட்டத்தட்ட 8 வோல்ட் நம் வயரே ஏற்றுகிறது. 10 ஸ்கொயர் எம்எம் போட்டால் அது 3 ஆகும். மீட்டரிலேயே 250 என்றால் ஈபியில் புகார் கொடுங்கள். லோடு போட்டதும் ஒரு பேஸ் 180-க்கு விழுந்து இன்னொன்று 270-க்கு ஏறினால் நியூட்ரல் லூஸ். உடனே மெயினை அணைத்துவிட்டு ஈபியைக் கூப்பிடுங்கள்.

மழைக்கு மறுநாள் காலை ஐசோலேஷன் ஃபால்ட் (பேனல் வயரிலிருந்து எர்த்துக்குக் கசிவு), பத்து மணிக்குச் சரியாகிவிடுகிறது

ஹைபிரிட்டுக்கு மாறும்போது பேனல் வயரை நீட்டியிருப்பார்கள். அந்தப் புது எம்சி4 (பேனல் வயர் கனெக்டர்) இணைப்பு மொட்டை மாடித் தரையில் தண்ணீரில் கிடக்கும். ஈரம் காய்ந்ததும் ஃபால்ட் மறையும், எனவே கோளாறு இருக்கும் காலையிலேயே அளக்க வேண்டும். ஐசோலேட்டரை அணைத்து, பிளஸ்ஸிலிருந்து எர்த்துக்கும் மைனஸிலிருந்து எர்த்துக்கும் வோல்ட் பாருங்கள். ஆறு பேனல், மொத்தம் 300 வோல்ட் என்று வையுங்கள். பிளஸ்-எர்த் 200, மைனஸ்-எர்த் 100 என்று நின்றால், மைனஸ் முனையிலிருந்து இரண்டாவது, மூன்றாவது பேனலுக்கு இடையில்தான் கசிவு. மற்ற இணைப்புகளைத் தொட வேண்டியதே இல்லை. கனெக்டரை ஒரே கம்பெனி ஜோடியாக மாற்றி, பேனல் ஃபிரேமில் உயர்த்திக் கட்டுங்கள்.

கத்திரி வெயிலில் மதியம் சார்ஜ் ஏறவில்லை

பேட்டரியை மொட்டை மாடி ஹெட்ரூமில், தகரக் கூரைக்குக் கீழே வைத்திருந்தால் இது வரும். பெரும்பாலான பிஎம்எஸ் 55 டிகிரியை ஒட்டி சார்ஜை நிறுத்தும். இன்வெர்ட்டர் 45-லிருந்தே வாட்டைக் குறைக்கத் தொடங்கும். ஃபேன் வைப்பது தற்காலிகம்தான். கீழே வீட்டுக்குள், காற்றோட்டமான, படுக்கையறையும் வெளியேறும் வழியும் அல்லாத சுவருக்கு மாற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ இனிப்பும் கரைப்பானும் கலந்தது போல் வாடை வந்தாலோ அளக்க நிற்க வேண்டாம். பிரேக்கரை அணைத்துவிட்டு வெளியேறுங்கள்.

வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது

தண்ணீர் பேட்டரியைத் தொடும் முன் நிறுத்தும் வரிசைப்படி எல்லாவற்றையும் அணையுங்கள். தொட்டுவிட்டால் பக்கத்தில் போகாதீர்கள், பிரேக்கர் ஆஃபில் இருந்தாலும் செல்களில் மின்சாரம் இருக்கும். வடிந்து காய்ந்து பார்க்கச் சரியாக இருந்தாலும் திரும்ப ஆன் செய்யக் கூடாது. உள்ளே அரித்த பிஎம்எஸ் நாள்கள் கழித்துத் தீப்பிடிக்கலாம். தயாரிப்பாளரின் ஆள் வரும்வரை பிரேக்கரைத் தொடாமல் விடுங்கள். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை போன்ற இடங்களில் பேட்டரி மாட்டும் முன் 2015, 2023 வெள்ளம் இரண்டிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். சுவரில் அந்த உயரத்தைப் பென்சிலால் குறித்து, பேட்டரியின் அடிப்பாகம் அதற்கு ஒரு அடியாவது மேலே வரும்படி மாட்டச் சொல்லுங்கள்.